சானடோரியம், 1986

பலகை எட்டடி நீளம், இரண்டடி அகலம். ப்ளைவுட் கடையில் ஒரு முழு ஷீட்டை நீளவாக்கில் அறுத்து வாங்கியதில் ஒரு பாதி. மறுபாதி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருப்பவர் வங்கிக் கணக்கு வழக்குகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறார்.

ஜன்னலுக்கு வெளியே சற்றுத் தள்ளித்தான் தாம்பரம் சானடோரியம் நிலையம். மின்சார ரயில் அடிக்கடி தடதடத்துப் போகிறது. அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அது அகலப்பாதை வண்டி. அவருக்கு வேண்டியது மீட்டர்கேஜ்.

தென்னிந்திய ரயில்வே 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்டபோது அது மீட்டர்கேஜ் பாதை. அந்தப் பாதையின் கடைசிப் புறநகர் வண்டி நின்றது 2004 ஜூலையில். அதன் நிலையத்தைப் பலகையில் மாதிரியாகச் செய்ய, இடையில் ஏதாவது ஓர் ஆண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இவர் 1986ஐப் பிடித்திருக்கிறார். சுவரில் ஒட்டிய தாளில் ஆண்டுக்கு ஏற்ற சட்டதிட்டங்கள் கணக்குப்பிள்ளைக் கையெழுத்தில் இருக்கின்றன: மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் உண்டு (84இலேயே வந்தாச்சு). காச நோய் ஆஸ்பத்திரி உண்டு (1928). மாடியில் டிவி ஆன்டெனா உண்டு. செல்போன் டவர் கூடாது. தண்ணீர் பாட்டில் கூடவே கூடாது.

தாம்பரத்தையே செய்திருக்கலாமே என்று தோன்றும். இவர் எடுத்துக்கொண்ட அளவில் எல்லாமே நிஜத்தின் 87இல் ஒரு பங்கு. எட்டடிப் பலகையில் நிஜத்தின் 696 அடிதான் அடங்கும். தாம்பரம் நிலையத்தின் ஒரு பிளாட்பாரமே பலகையைத் தின்றுவிடும். பக்கத்து நிலையமான சானடோரியத்திலிருந்து தாம்பரத்துக்கு ஓடவிட ஆசைப்பட்டால் இருபது மீட்டருக்கு மேல் வேண்டும், ஹாலைத் தாண்டி, மாடிப்படியைத் தாண்டி எதிர்வீட்டுக்குள் போக வேண்டியிருக்கும். புனேயில் ஜோஷி குடும்பத்தார் 1998இல் திறந்த மினியேச்சர் ரயில் அருங்காட்சியகத்தில் ஒரு நகரமே இயங்குகிறது. இங்கே ஒரு நிலையம், அதுவும் முக்கால்வாசி.

ஒன்றில் மட்டும் இவருக்கு அதிர்ஷ்டம். இந்த அளவுக்குக் கடையில் கிடைக்கும் சாதாரணத் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; 87ஆல் வகுத்தால் 19க்கு மேல் வருகிறது. அகலப்பாதை செய்கிறவர்கள் பலரும் அந்த மூன்று மி.மீ. குறையைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். மீட்டர்கேஜுக்கு வரவேண்டியது பதினொன்றரை. சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களும் மீட்டர்கேஜ் என்பதால் அவற்றுக்காகவே 12 மி.மீ. தண்டவாளம் செய்து விற்கிறார்கள். பனிமலைக்குப் போக வேண்டிய தண்டவாளம் குரோம்பேட்டைப் பக்கத்து வெயிலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அரை மில்லிமீட்டர் உறுத்தல் அவருக்கு உண்டு. ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார்.

இன்றைய வேலை ஜல்லி. தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஐந்து சென்டிமீட்டர் கல், இங்கே அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்ட வேண்டும். ரவை அந்த அளவுதான், ஆனால் எறும்பு விடாது. இவர் கண்டுபிடித்தது கோலப்பொடி. கல்லை அரைத்த பொடி என்பதால் கல்லுக்குக் கல் ஆயிற்று. மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, நைஸ் பொடியை ஒதுக்கி, கரகரப்பானதை மட்டும் எடுத்துக் கறுப்பு இங்க் கலந்த நீரில் நனைத்து உலர்த்தியிருக்கிறார். ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுப் பழைய டூத் பிரஷால் ஒதுக்குகிறார். பிறகு மெடிக்கல் ஷாப் சிரிஞ்சில் ஃபெவிகால் தண்ணீர். அதில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு இல்லாவிட்டால் பசை பொடியின் மேல் முத்து முத்தாக உருண்டு நிற்கும், உள்ளே இறங்காது.

“ஏங்க, கோலப்பொடி டப்பா எங்க?” சமையலறையிலிருந்து குரல்.

பதில் இல்லை. சிரிஞ்ச் நிதானமாக நகர்கிறது.

காய்ந்த பகுதியில் வேறொரு வேலை. பிளாட்பாரத்தை ஒட்டிய ஜல்லி மட்டும் காவியும் கறுப்புமாக மாறுகிறது. வண்டி நிற்கிற இடத்தில் பிரேக் தூள் கொட்டும், வெற்றிலை எச்சில் விழும், நெடுந்தூர வண்டியின் கழிப்பறையிலிருந்து விழுவதும் விழும். இங்கே நிற்காத வைகை எக்ஸ்பிரஸுக்கும் சேர்த்து நான்கு பொட்டு வைக்கிறார். இந்த அழுக்கில் அவர் காட்டும் அக்கறை ரயிலின் மேல் இல்லை என்றே சொல்ல வேண்டும். நான்கு பெட்டி மின்சார ரயில் அட்டையும் பிளாஸ்டிக் ஷீட்டுமாகச் செருப்புப் பெட்டிக்குள் படுத்திருக்கிறது. சக்கரம் பூட்டியாகிவிட்டது. ரிச்சி தெருவில் வாங்கிய 12 வோல்ட் அடாப்டரும் தயார். ஆனால் கூரையில் பான்டோகிராஃப் இல்லை. அதை முடிக்க அவருக்கு அவசரமே இல்லை.

பயணிகள் ஒரு சோப்பு டப்பாவில் குவிந்திருக்கிறார்கள். இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத ஜெர்மன்காரர்கள், கோட்டும் தொப்பியுமாக. பிளேடால் தொப்பியைச் சீவி, டிஷ்யூ பேப்பரைப் பசையில் நனைத்து இடுப்பில் சுற்றினால் வேட்டி. மெப்ஸில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேலையோடு தயார். ஒருத்தி கையில் டிபன் கேரியர். தொப்பி சரியாகப் போகாத ஒருவரை மட்டும் முண்டாசுக்காரராக்கி டீக்கடையில் உட்கார வைத்துவிட்டார்.

பலகையின் ஒரு மூலையில் கட்டடம் எதுவும் இல்லை. தேங்காய் நாரைப் பிய்த்துச் செய்த சீமைக்கருவேலம் மட்டும் மண்டியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இவர் இப்போது குடியிருக்கும் அடுக்குமாடி நிற்க வேண்டிய இடம் அது.

பள்ளி விட்டு வந்த பேரன் பையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் நிற்கிறான். தாத்தா இப்போது பெயர்ப்பலகைக்கு வந்துவிட்டார். நகக்கண் அகலம்தான், மஞ்சள் பலகை. மேலே தமிழ் எழுதி முடிந்திருக்கிறது. ஒற்றை முடி மட்டும் விட்டுக் கத்தரித்த பிரஷால், மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு தாளைப் பார்த்துப் பார்த்து இந்தி எழுத்துகளை வரைகிறார். தலைக்கோடு வளைந்துவிடுகிறது. துடைத்துவிட்டு மறுபடி. கடைசியில் ஆங்கிலம். மூன்றும் நேராக நிற்கின்றன. பேரனுக்கே பெருமை தாங்கவில்லை.

தாத்தா தீக்குச்சி முனையைக் கறுப்புப் பெயின்டில் தொட்டு, நடுவில் உள்ள இந்தியின் மேல் ஒரே இழுப்பாக இழுக்கிறார். கீழே கொஞ்சம் வழியவும் விடுகிறார்.

பெரியார் 1952இல் ரயில் நிலையங்களில் தொடங்கி வைத்த தார் வேலை அது. 1986இன் கடைசியில் இந்தி எதிர்ப்பு மறுபடி சூடுபிடித்ததும், அதில் சட்டமன்ற உறுப்பினர்கள் சிலர் பதவி இழந்ததும் பேரனுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

“அழிக்கறதுக்கு எதுக்குத் தாத்தா அவ்ளோ கஷ்டப்பட்டு எழுதினீங்க?”

“எழுதாம எப்படிடா அழிக்கறது?” கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்கிறார். “தாருக்குக் கீழ எழுத்து லேசாத் தெரியணும். தெரியுதா பாரு.”

அவன் குனிந்து பார்க்கிறான். “தெரியல.”

“அப்ப மறுபடியும் பண்ணணும்” என்று டர்பன்டைன் பாட்டிலைத் தேடுகிறார்.