காக்காயும் பனம்பழமும்

நான் சொல்வதைக் கேட்டு நாலு பேர் கெட்டுப்போகிற அளவுக்கு நான் பெரிய மனுஷன் இல்லை என்றுதான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் ஒரு நாய்க்குட்டி செத்துப்போன பிறகுதான் தெரிந்தது... அந்த அளவுக்குப் பெரிய மனுஷன்தான்!

எனக்கு ஊர் தம்மம்பட்டி. ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் பச்சைமலை, நடுவில் உளிச் சத்தம். எங்கள் ஊர் மரச்சிற்பம் எங்கெங்கோ போய் நிற்கிறது. நான் மட்டும் தினமும் பஸ் பிடித்து ஆத்தூர் போய், ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் மரச்சிற்பி. அவர் பட்டறைக்குப் பின்னால் வாகைக் கட்டை அடுக்கியிருக்கும் கொட்டகையில், தெருநாய் ஒன்று போன சித்திரையில் மூன்று குட்டி போட்டது. ஒரு மாதத்தில் தாயை லாரி அடித்துவிட்டது. குட்டிகள் மூன்றும் என் தலையில்.

பேர் வைக்க வேண்டுமே? எந்நேரமும் தூங்கியது மேனேஜர். கிடைத்ததை வாயில் கவ்விக்கொண்டு யாருக்கும் தராதது கேஷியர். மூன்றாவது குட்டி துறுதுறு. செருப்பைத் தூக்கி வரும், வாசலுக்கு ஓடும், யார் கூப்பிட்டாலும் போகும். பியூன்! எல்லா ஆபீஸிலும் உள்ளதுபோல, அந்த வீட்டில் வேலை செய்த ஒரே ஜீவன் அதுதான்.

நாற்பத்தைந்து நாள் ஆனதும் தடுப்பூசி போடவேண்டும் என்றார்கள். ஒரு வியாழக்கிழமை லீவு கேட்டேன். "என்ன விஷயம்?" என்றார் மேனேஜர், அதாவது ஆபீஸ் மேனேஜர். "வீட்டுல மூணு பேருக்கு ஊசி போடணும் சார்" என்றேன். மூன்று பேரின் பேரை அவர் கேட்காதது என் பூர்வ புண்ணியம்.

அட்டைப்பெட்டியில் மூன்றையும் போட்டு பக்கத்து டவுனில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனேன். ஊசி போட்டார். அரைமணி நேரம் உட்கார வைத்து, முகம் வீங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். "ஒரு நாள், ரெண்டு நாள் சோர்வா இருக்கும், பயப்படாதீங்க. மூணு வாரம் கழிச்சு மறுபடி கூட்டிட்டு வாங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை கேஷியர் ஊசி போட்ட இடத்தைத் தொட்டால் கத்தினார். மேனேஜர் நாள் பூரா தூங்கினார். ஊசியின் சோர்வா, வழக்கமான வேலையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சனிக்கிழமை எல்லோரும் சரி.

ஞாயிறு ராத்திரி பியூன் பாலைத் தொடவில்லை.

திங்கட்கிழமை நான் ஆபீஸில் இருக்கும்போது ஆயாவிடமிருந்து போன். "டேய் கண்ணு, பியூனு வாந்தி வாந்தியா எடுக்குதுடா. ரத்தமா போவுது. நாத்தம் தாங்க முடியல. எல்லாம் அந்த ஊசியாலதான். நான் அப்பவே சொன்னேன்ல?"

ஆயா அப்போது சொல்லவில்லை. ஆனால் அப்போது அதுவா முக்கியம்? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நல்லா ஓடிக்கொண்டிருந்த குட்டி. ஊசி போட்டு நாலாவது நாள் ரத்தமாகப் போகிறது என்றால் வேறு என்னவாக இருக்க முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

டாக்டருக்குப் போன் போட்டேன். "என்ன ஊசி சார் போட்டீங்க? தேதி முடிஞ்ச மருந்தா? நல்லா இருந்த குட்டியைக் கெடுத்துட்டீங்களே!" என்று கத்தினேன். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. "உடனே தூக்கிட்டு வாங்க. டிரிப் போடணும். லேட் பண்ணாதீங்க." அவ்வளவுதான் சொன்னார்.

"நீங்க பார்த்தது போதும்" என்று போனை வைத்தேன்.

இந்த ஒரு வாக்கியத்தை இன்றைக்கும் ராத்திரி பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொள்வேன்.

அன்று ராத்திரி மாதுளைத் தோல் கஷாயம், மோர், ஆயாவின் விபூதி என்று வீட்டு வைத்தியம் நடந்தது. உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தது. விடிகிற நேரத்தில் பியூன் எழுந்து வாசல்வரை நடந்தான். யாரோ கூப்பிட்டது மாதிரி. அங்கேயே படுத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை முழுக்க நான் செய்த வேலை ஒன்றுதான். டீக்கடை, சலூன், பஸ் ஸ்டாண்ட்... பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். "நாய்க்கு ஊசி கீசி போட்டுடாதீங்க. எங்க குட்டி செத்தே போச்சு." எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். துக்கத்தில் இருப்பவன் சொல்வதை யார் மறுப்பார்கள்?

புதன்கிழமை கேஷியர் வாந்தி எடுத்தார்.

இந்த முறை அண்ணன் விடவில்லை. உளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "சண்டையை அப்புறம் போட்டுக்கலாம். இப்போ நாமக்கல் கெளம்பு." நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1985-லிருந்து. மறுபடி லீவு கேட்டேன். "கேஷியருக்கு உடம்பு சரியில்லை சார்." பக்கத்து சீட்டில் இருந்த நிஜ கேஷியர் தலையைத் தூக்கி, "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்?" என்றார்.

முள்ளுக்குறிச்சி, நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் என்று பஸ் போனது. மடியில் துண்டில் சுற்றிய கேஷியர். ராசிபுரத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தவர் கோழிப்பண்ணையில் வேலை பார்ப்பவர். கதையைக் கேட்டார். "எத்தன ஊசி போட்டீங்க?" என்றார். "ஒண்ணுதான்." அவர் சிரித்துவிட்டார். "எங்க பண்ணையில குஞ்சு வந்த மொத வாரமே வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணுல சொட்டு மருந்து விடுவோம். அதோட உட்ருவமா? திரும்பத் திரும்பப் போடுவோங்க. ஒண்ணு போட்டா ஊசி போட ஆரம்பிச்சிருக்கோம்னுதான் அர்த்தம்."

நாமக்கல் டாக்டர் முதலில் மலத்தைக் கொஞ்சம் எடுத்து ஒரு சின்ன பட்டையில் விட்டார். கொரோனா டெஸ்ட் மாதிரியே இரண்டு கோடு விழுந்தது. பார்வோ. கேஷியரின் முன்னங்காலில் டிரிப் ஏறியது. அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். ஊசியைப் பற்றி நான் ஆரம்பித்ததும் கை காட்டி நிறுத்தி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுங்க பொறந்த எடத்துல முன்னாடி குட்டி ஏதாவது செத்துச்சா?"

எனக்குத் தொண்டை அடைத்தது. தை மாதம் அதே கொட்டகையில் வேறொரு நாய் போட்ட குட்டிகள் ஒவ்வொன்றாகக் கழிச்சலில் போயின. பனி என்றோம், திருஷ்டி என்றோம், புதைத்துவிட்டு மறந்துபோனோம்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பார்வோ என்ற வைரஸ் 1978-ல் உலகத்துக்குத் தெரிய வந்தது. இரண்டே வருஷத்தில் உலகம் சுற்றிவிட்டது. பாஸ்போர்ட், விசா எதுவும் தேவைப்படவில்லை. மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரண பினாயிலுக்கு மசியாது. பிளீச்சிங் பவுடர் கரைசலுக்குத்தான் அடங்கும். குட்டியின் வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழு நாள் சத்தமில்லாமல் இருந்துவிட்டு அப்புறம் வேலையைக் காட்டும். வியாழக்கிழமை நான் அட்டைப்பெட்டியைத் தூக்கும்போதே பியூன் அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கலாம். போட்ட ஊசி வேலை செய்வதற்கோ சில நாள் ஆகும். அதற்குள் நோய் முந்திவிட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. பிறந்தவுடன் குடிக்கிற சீம்பாலில் தாயின் எதிர்ப்பு சக்தி கொஞ்சம் வருகிறது. அது குட்டியைக் காப்பாற்றும். அதே சக்தி ஊசி மருந்தையும் எதிரி என்று நினைத்து அடித்துவிடும். நாளாக ஆக அது குறையும். நோயைத் தடுக்கப் பத்தாது, ஆனால் ஊசியைக் கெடுக்கப் போதும் என்று ஒரு இடைவெளி வரும். தம்மம்பட்டி ஆசாமிக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அம்மா பஸ் போய்விட்டது, ஊசி பஸ் இன்னும் வரவில்லை, குட்டி ஸ்டாப்பில் தனியாக நிற்கிறது. அந்த இடைவெளி எந்தக் குட்டிக்கு எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் மூன்று, நாலு வாரத்துக்கு ஒரு தடவையாகப் பதினாறு வாரம்வரை திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். அதுவரை தெரு மண்ணில் விடக்கூடாது.

"அப்போ ஊசியால எதுவுமே வராதா டாக்டர்?" என்றேன், விடாமல்.

"வரும். லேசா காய்ச்சல், சோர்வு, ஊசி போட்ட எடத்துல வலி. ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும். அபூர்வமா அலர்ஜி. முகம் வீங்கும், வாந்தி வரும், மூச்சு திணறும். அது பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள்ள தெரிஞ்சுடும். அப்போ உடனே ஓடி வரணும். ஐஸ்ல வைக்காம வெயில்ல கொண்டுபோனா மருந்து செத்துப்போகும். அதுவும் நோயைக் கொடுக்காது, காப்பாத்தாம விட்டுடும். நாலாவது நாள் ரத்தமா போனா ஊசியைத் திட்டிக்கிட்டு உட்காராம தூக்கிட்டு வரணும்."

ஐந்து நாள் டிரிப். ஆறாவது நாள் கேஷியர் என் சட்டைப்பை பேனாவைக் கவ்விக்கொண்டு தரமாட்டேன் என்றார். பிழைத்துவிட்டார் என்று தெரிந்தது. மேனேஜருக்கு ஒன்றுமே வரவில்லை. அதே ஊசி, அதே நாள்!

திரும்பி வரும் பஸ்ஸில் நடிகர் விவேக் ஞாபகம் வந்தார். 2021 ஏப்ரல் 15-ம் தேதி கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ம் தேதி காலமானார். காக்காய் உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது. எங்கள் ஆயா உள்பட எத்தனையோ பேர் ஊசி என்றாலே கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர் மரணத்துக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று தேசிய அளவிலான நிபுணர் குழு சொன்னது அந்த வருஷம் அக்டோபரில். முதல் செய்தி எங்கள் தெருவுக்கு வந்த வேகத்தில் இரண்டாவது செய்தி வரவில்லை. யார் கொண்டுவருவார்கள்?

இந்த வகையில் என் முதல் செய்தியும் தெருவில் நன்றாக வேலை செய்திருந்தது.

ஆவணி மாதம் ஒரு சாயங்காலம் தெருக்கோடி வீட்டுக்காரர் வழியில் நிறுத்தினார். அவர் வளர்க்கிற குட்டி விளையாட்டாக அவருடைய ஏழு வயசுப் பெண்ணின் கையைக் கடித்துவிட்டது. "குட்டிக்கு வெறிநாய் ஊசி போட்டாச்சா?" என்றேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீதானப்பா ஊசியே போடாதீங்கன்னு சொன்ன?"

வெறிநாய்க்கடி நோய் முற்றி வெளியே தெரிந்துவிட்டால் அதற்கு அநேகமாகச் சாவுதான். குழந்தையின் கையை சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவி, அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவளுக்கு நாலு தவணை ஊசி. குட்டியைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளும் ஆபீஸுக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை போய், தண்ணீர் குடிக்கிறதா என்று பார்த்தேன். பதினோராவது நாளும் குட்டி வாலாட்டியது. அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒரு யாளிக்குக் கண் திறந்துகொண்டிருந்தார். "எங்க தொழில்லயும் இது உண்டுப்பா. சிலைக்கு வார்னிஷ் அடிச்சுக் குடுப்போம். ஒரு மாசத்துல மாவு மாவா கொட்டும். வார்னிஷ் சரியில்லைன்னு சண்டைக்கு வருவாங்க. வண்டு மரம் வெட்டுறப்பவே உள்ள இருந்திருக்கும். கண்ணுக்குத் தெரியறது வார்னிஷ்தானே?"

அப்புறம் நான் டீக்கடை, சலூன், பஸ் ஸ்டாண்ட் என்று அதே ரூட்டில் இரண்டாவது தடவை நடந்தேன். "நான் சொன்னது தப்புங்க" என்று சொல்வது முதல் தடவையை விட ரொம்ப நேரம் பிடித்தது. பாதிப் பேர் நம்பவில்லை. "உனக்கு யாராச்சும் காசு குடுத்தாங்களா?" என்றுகூட ஒருவர் கேட்டார்.

செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினம். வெறிநாய்க்கடிக்கு ஊசி கண்டுபிடித்த லூயி பாஸ்டர் 1895-ல் இறந்த தேதி. அன்றைக்கு மேனேஜரையும் கேஷியரையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு நான் முன்னால் போனேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஐந்து நாய் வந்தது. கூட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் தெருக்கோடி வீட்டுப் பெண், கையில் தழும்போடு, தன் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

பாக்கி ஒரு வேலை இருந்தது. அந்த முதல் டாக்டர். கேஷியருக்கு அடுத்த ஊசி போட அவரிடமே போனேன். தலை குனிந்தபடி, "அன்னிக்கு போன்ல கத்தினது நான்தான் சார்" என்றேன்.

"தெரியுது. இதே குரல்தான்" என்றார் ஊசியைத் தயார் செய்துகொண்டே. அப்புறம் அட்டைப்பெட்டியை எட்டிப் பார்த்தார். "மூணு இருந்துச்சே?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. பீஸ் மட்டும் சரியாக வாங்கிக்கொண்டார்.