நிலாவுக்குப் போக இருந்த அப்பா

1969ஆம் ஆண்டு ஆகஸ்ட் திருவிழாவுக்குத் தலவில அன்னம்மாள் ஆலயத்துக்குக் குடும்பமாகப் போயிருந்தோம். மனிதன் நிலவில் இறங்கி இரண்டு வாரங்களே கடந்திருந்தன. இரவு மணலில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது, களப்புப் பக்கமாகத் தேய்பிறை நிலா எழுந்தது. “உனக்கு என் வயது வரும்போது அங்கே போக டிக்கெட் விற்பார்கள், மகன்” என்றார் அப்பா.

அவர் மட்டுமா நம்பினார்? நிலாப் பயணத்துக்கென்று அமெரிக்காவின் பான் ஆம் விமான நிறுவனத்திடம் 93,000 பேர் பெயர் பதிந்திருந்தார்கள். கொழும்புவாசியாகிவிட்ட ஆதர் சி. கிளார்க்கின் பங்களிப்பில் உருவான ‘2001’ திரைப்படத்தில், விண்ணோடத்தின் மேல் எழுதியிருந்ததும் அந்நிறுவனத்தின் பெயரே. 2001 வருமுன்பே, 1991இல், நிறுவனம் மூடப்பட்டுவிட்டது.

1981 ஏப்ரலில் கொலம்பியா விண்ணோடம் முதன்முறை பறந்தபோது நான் செய்தி மேசையில் இருந்தேன். இனி விண்வெளிக்குப் பேருந்துபோல் போய்வரலாம் என்ற தொனியில் தலைப்பிட்டவர்களில் நானும் ஒருவன். இரண்டு வாரத்தில் மறுபடி பறக்கத் தயாராகும் என்றார்கள். ஆனால் வெப்பத்தைத் தாங்க ஒட்டியிருந்த 24,000இற்கும் மேற்பட்ட ஓடுகளை ஒவ்வொரு முறையும் பரிசோதிக்க வேண்டியிருந்தது. இயந்திரங்களைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. மீள்பாவனை என்பதைவிட மீள்கட்டுமானம் என்பதே பொருந்தும். ஓராண்டில் ஆகக்கூடிய பயணங்கள் ஒன்பதுதான், அதுவும் 1985இல். முப்பது ஆண்டுகளில் 135 பயணங்கள், பதினான்கு உயிர்கள். 2003 பெப்ரவரி முதலாம் திகதி இரவு, கல்பனா சாவ்லாவின் படத்தை முதற்பக்கத்தில் வைத்தபோது, என் பழைய தலைப்பு நினைவில் உறுத்தியது.

இன்று பால்கன் 9 ஏவுகலத்தின் அடிப்பகுதி இறங்கி வந்து மறுபடியும் மறுபடியும் பறக்கிறது. பெரும்பாலும் செயற்கைக்கோள்களைத்தான் சுமக்கிறது. மனிதருக்கான ஓர் இருக்கைக்கோ கோடிக்கணக்கில் கொடுக்கவேண்டும். இந்தியாவின் இறக்கை முளைத்த மாதிரிக்கலம் 2023இலும் 2024இலும் சித்ரதுர்காவில் பிசகின்றித் தரையிறங்கியது. 2022இற்குள் என்று அறிவிக்கப்பட்ட ககன்யான் மனிதப் பயணமோ, அந்த ஆண்டைத் தவறவிட்டது.

அண்மையில் பேத்தியுடன் தலவிலவுக்குப் போனேன். அக்கரையில், தமிழ்நாட்டின் குலசேகரப்பட்டினத்தில், 2024இல் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய கதையைச் சொன்னேன்.

“இங்கிருந்து பார்த்தால் தெரியுமா, தாத்தா?”

“இரவில் ஏவினால் தெரியக்கூடும்.”

“யார் போவார்கள்?”

“யாருமில்லை. சிறிய செயற்கைக்கோள்கள்தான்.”

அவளுக்கு ஆர்வம் போய்விட்டது. கச்சான் வாங்கித் தரச் சொன்னாள்.