ஈசூனில் ஒரு புதுத் தரை

ஈசூன் என்றதும் சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகள்தாம் நம் நினைவுக்கு வரும். ஆனால் தோட்டத்து மக்களாகிய நமக்கு அது அந்நிய மண்ணன்று. ரப்பரும் அன்னாசியும் பயிரிட்டுப் புகழ்பெற்ற லிம் நீ சூன் (1879–1936) என்பவரின் பெயரையே அவ்வூர் தாங்கி நிற்கிறது. 'நீ சூன்' என்பது தியோச்சியு உச்சரிப்பு. மாண்டரினில் அதுவே ஈசூன். பால்மரம் நின்ற இடத்தில் இன்று வீவக வீடுகள் நிற்கின்றன. உட்லண்ட்சில் ரயில் ஏறினால் நான்காவது நிலையம்.

அங்கே நாற்பதாண்டை எட்டும் ஒரு வீட்டில் என் தங்கை குடும்பம் இருக்கிறது. சென்ற பள்ளி விடுமுறையில் நான் போயிருந்தபோது, கூடத்தில் டைல்ஸ் இரண்டு இடத்தில் கூடாரம் போல் எழும்பி நின்றது. சிங்கப்பூரில் இது புதிதல்ல. 2018 ஜனவரியில் சில நாள் மழையும் குளிரும் சேர்ந்து வந்தபோது பல வீடுகளில் தரை இப்படித்தான் பெயர்ந்தது. வெயிலுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்கும்போது டைல்சும் அடியிலுள்ள கான்கிரீட்டும் ஒரே அளவாக அசைவதில்லை. பிடிப்புத் தளர்ந்து, இடைவெளியும் போதாவிட்டால் கல் மேலே கிளம்பிவிடும்.

பழைய தரையை உடைத்துப் புதிதாகப் போடுவதென்று முடிவாயிற்று. அங்கே அதை நினைத்த மாத்திரத்தில் செய்ய முடியாது. வீவக பட்டியலில் உள்ள குத்தகைக்காரர்தாம் செய்ய வேண்டும். டைல்சும் அடிப்பூச்சும் சேர்ந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. கட்டடம் தாங்க வேண்டுமல்லவா? புதுக் கட்டடமானால் முதல் மூன்றாண்டு குளியலறை டைல்சைப் பெயர்க்கவே கூடாது. அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சு கிழிந்தால் நம் வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டார் தலையில் சொட்டும். உடைக்கும் வேலை வாரநாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். அக்கம்பக்கத்தாருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கீழ்வீட்டுக்காரர் இரவு வேலைக்குப் போகிறவர், பகலில்தான் உறங்குவார். தங்கை நேரில் போய்ப் பேசி, அவருக்கு விடுப்புள்ள நாள்களில் உடைக்க ஏற்பாடு செய்தாள்.

டைல்ஸ் வாங்க ஜாலான் புசார் வட்டாரத்துக்குப் போனோம். தேக்காவிலிருந்து நடக்கும் தூரம். மாப்பிள்ளை கண்ணாடி போல மின்னும் வெள்ளைக் கல்லைக் காட்டி, "ஓட்டல் மாதிரி இருக்குமே!" என்றார்.

"அத்தை வழுக்கி விழுந்தா, அந்தப் பளபளப்பா வந்து தூக்கிவிடும்?" என்றாள் தங்கை.

மாமியாருக்கு எழுபத்து நான்கு வயது. குளித்த ஈரக்காலோடு நடப்பவர். தங்கை ஒவ்வொரு மாதிரிக் கல்லிலும் தண்ணீரைத் தெளித்துக் காலால் தேய்த்துப் பார்த்தாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே இன்னொரு தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். குளியலறைக்குச் சொரசொரப்பானதும் கூடத்துக்குப் பளபளப்பில்லாததுமாக எடுத்தோம்.

திரும்பும் வழியில் பெட்டெய்ன் சாலையைப் பார்த்தோம். 1930ஆம் ஆண்டு வாக்கில் கட்டிய வரிசை வீடுகளின் முகப்பில் பூவும் பறவையுமாக வண்ண டைல்ஸ் இன்றும் அழகு குறையாமல் இருக்கிறது.

உங்களில் பலர் இன்று லயத்தைவிட்டுச் சொந்த வீட்டுக்கு மாறியிருப்பீர்கள். டைல்ஸ் போடுவதானால் சிலவற்றைக் கவனியுங்கள். நூற்றுக்குப் பத்துக் கல் கூடுதலாக, ஒரே தொகுதி எண்ணில் வாங்குங்கள். அடுத்த தொகுதியில் நிறம் மாறலாம். பசையைப் பொட்டுப் பொட்டாக வைக்காமல் கல்லின் அடி முழுவதும் பரப்பச் சொல்லுங்கள். கல்லுக்குக் கல்லும், சுவரோரத்திலும் இடைவெளி வேண்டும். காய்ந்தபின் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொந்துச் சத்தம் கேட்டால் அந்தக் கல்லை மாற்றச் சொல்லுங்கள். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது தேங்காமல் ஓடிய பிறகு மீதிக் கூலியைக் கொடுங்கள்.

சிமென்டுத் தரையில் வளர்ந்த நமக்கு டைல்ஸ் மேல் ஆசை இருப்பது நியாயந்தான். கண்ணுக்குப் பிடித்ததை வாங்குமுன், வீட்டில் மூத்தவரின் கால் அதில் நிற்குமா என்று பார்த்து வாங்குங்கள்.