குளிரும் எஃகும்

எஃகினை வன்மைப்படுத்துவது தீயே என்று உலகோர் கருதுவர். கொல்லன் உலையும், அதிற் சிவக்கக் காய்ந்த இரும்பும், அதனைத் தோய்க்கும் நீரும் யாவரும் அறிந்தனவே. தீ தொடங்கிய தொழிலைக் கடுங்குளிர் முற்றுவிக்கும் என்பதோ பலரும் அறியாததொன்று. தமிழ் பயிலும் யாம் இப்பொருளிற் புகுந்தது எற்றுக்கோவெனின், எம் பெரியப்பாவின் பொருட்டே என்க.

அவர் கோயம்புத்தூரில் ஒரு சிறு பட்டறை நடத்துகின்றார். டிராக்டர் கியர்ப்பெட்டிக்குரிய பினியன்களை வெட்டிக் கொடுப்பது அவர் தொழில். சென்ற ஆண்டில் அனுப்பியவற்றுட் சில, பற்கள் தேய்ந்து திரும்பி வந்தன. மீண்டும் அவ்வாறு நேரின் வாடிக்கை போய்விடும். பட்டறையின் மேலுள்ள கடனோ போகாது. அந்நிலையில், திரவ நைட்ரஜனிற் குளிர்வித்தால் பினியனின் ஆயுள் பன்மடங்காகும் என்று ஒருவர் வந்து கூறினார். கூலியும் சிறிதன்று. "தம்பி, நீ படிக்கிற பிள்ளை, இது மெய்தானா என்று பார்த்துச் சொல்லு" என்று பெரியப்பா ஆங்கிலத் தாள்கள் சிலவற்றை எம் கையிற் கொடுத்தார்.

யாம் கற்றறிந்தது இது. பினியனுக்குரிய எஃகிற் கரி நூற்றுக்கு ஏறக்குறைய 0.2 பங்கே உண்டு. அதனை 930 பாகை சென்டிகிரேடு அளவிற் காய்ச்சிக் கரியூட்டுவர். மேற்புறத்திற் கரி 0.8 பங்கு வரை ஏறும்; உட்புறமோ கரி குறைந்தே நின்று அதிர்ச்சியைத் தாங்கும். பின்னர் எண்ணெயில் தோய்க்க, ஆஸ்டினைட் என்னும் அமைப்பிலிருந்த எஃகு மார்ட்டென்சைட் என்னும் கடிய அமைப்பாக மாறும். கரி மிகுந்தவிடத்து அம்மாற்றம் அறையின் வெப்பநிலையில் முற்றுப்பெறாது. ஆஸ்டினைட்டில் ஒரு பகுதி மாறாது எஞ்சும். அது மிகின் பல்லின் மேற்புறம் கடினங் குறையும். -80 பாகைக்கோ, திரவ நைட்ரஜனின் -196 பாகைக்கோ மெல்லக் கொண்டு சென்றால், எஞ்சியதிற் பெரும்பகுதி மாறிவிடும். அதன்பின் 150 பாகைக்கு மேற் சூடேற்றிப் பதப்படுத்தல் வேண்டும். இன்றேல் பல் எளிதில் நொறுங்கும்.

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தார் இ.என். 353 என்னும் கியர் எஃகினை இவ்வாறு ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டனர். தேய்மானத்தைத் தாங்கும் ஆற்றல் -80 பாகையில் உயர்ந்தது. -196 பாகையில் அதனினும் மிக உயர்ந்தது. ஆயினும் இழுவலிமை சற்றுக் குறைதலையும் அவர்களே பின்னர்க் கண்டனர். ஆகவே, குளிர் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைச் சிறிது வாங்கிக் கொள்வதாம்.

பெரியப்பாவுக்கு யாம் மூன்று சொன்னோம். தேய்வின் காரணத்தை முதற்கண் அறிதல் வேண்டும். கரியூட்டிய ஆழம் போதாதாயின் குளிரால் அது கூடாது. தோய்த்தவுடன் காலந் தாழ்த்தாது குளிர்வித்தல் வேண்டும். தாழ்த்தின் எஞ்சிய ஆஸ்டினைட் மாறுதற்கு அரிதாய் நிலைத்துவிடும். சரக்கு முழுவதையும் அனுப்பாது பாதியை மட்டும் அனுப்புதல் வேண்டும்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின் இசைந்தார். திரும்பி வந்த பினியன் ஒன்றை அறுத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினார். கரியூட்டிய ஆழம் வரைபடத்தில் உள்ளவாறே இருந்தது. எஞ்சிய ஆஸ்டினைட்டோ மிகுந்திருந்தது. கடினம் ராக்வெல் சி அளவில் 56. ஆதலின் புதிய நாற்பதில் இருபதை மட்டும் குளிர்வித்தார். குளிர்வித்தவை 60 காட்டின; ஏனையவை 57. இருவகைக்கும் வெவ்வேறு குறியிட்டு அனுப்பியுள்ளார்.

கடினம் ஒரு நாழிகையில் அளக்கப்படும். தேய்மானத்தை ஓர் உழவுக் காலமே சொல்லும். மூன்று அலகு உயர்ந்தது கொண்டு ஆயுள் பன்மடங்காயிற்று என்று யாம் துணிந்து கூறேம். கடன் கொடுத்தவர் அத்துணைக் காலம் பொறுப்பாரோ என்பதே இப்பொழுது எம் இல்லத்துக் கவலை. எனினும், கேட்டதை நம்பிக் கைப்பொருள் முழுவதையும் இறைக்காமல், பாதியை அளந்து பார்க்கத் துணிந்த எம் பெரியப்பாவின் செயலை, ஏட்டறிவு மட்டுமுடைய யாம் பெரிதும் மதிக்கின்றோம். தமிழ் மாணவர் ஆங்கில நூற்பொருளைத் தம் வீட்டார்க்கு விளங்கும் சொல்லில் எடுத்துரைத்தலும் தமிழ்த்தொண்டே என்பது எம் துணிபு.