அரைப்பேர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெலிமடையில் காலையிலிருந்தே அடைமழை. உருளைக்கிழங்குப் பாத்திகளில் எவரும் இறங்கவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த தங்கையின் மகன் என் கணினியின் முன் அமர்ந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். "மாமா, உங்கட தளத்தில வாசகர் கணக்கெடுக்கிற நிரல் செத்து எவ்வளவோ காலமாச்சே, உங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன் என்பதே உண்மை.

அந்த நிரலுக்கு ஒரு வரலாறு உண்டு. அர்ச்சின் என்ற நிறுவனத்தை 2005இல் விலைக்கு வாங்கிய கூகுள், அதே ஆண்டு நவம்பரில் 'கூகுள் அனலிட்டிக்ஸ்' என்ற பெயரில் அதனை இலவசமாகத் திறந்துவிட்டது. பக்கத்தின் மூலநிரலில் சில வரிகளை ஒட்டினால் போதும். யார் வந்தார், எதைப் பார்த்தார், எங்கிருந்து வந்தார் என்பதெல்லாம் பட்டியலாகக் கிடைக்கும். 2007இன் இறுதியில் நிரல் மாறியது. 2013இல் 'யூனிவர்சல்' என்ற தலைமுறை வந்தது. 2020 ஒக்டோபரில் நான்காவது தலைமுறை. பழையது 2023 ஜூலை 1 முதல் புதிய வருகைகளைப் பதிவதை நிறுத்தியது. சேர்ந்த கணக்கைப் பிரதியெடுக்க ஓராண்டு அவகாசம் தந்து, 2024 ஜூலை 1இல் அந்தக் கதவையும் மூடினர். 2022இலேயே முன்னறிவிப்பு வந்திருந்தது. "பிறகு பார்க்கலாம்" என்று இருந்தவன் நான். பதினாறு ஆண்டுக் கணக்கு என் சோம்பலில் போயிற்று.

அன்று மாலையே புதிய நிரலை ஒட்டினோம். மறுவாரம் பார்த்தால் பக்கப் பார்வைகள் நான் எதிர்பார்த்ததைப்போல் இரு மடங்கு! அன்றிரவு எனக்கு நல்ல உறக்கம். மருமகன்தான் மறுநாள் தொலைபேசியில் கேட்டான்: "வாசகர் தொகையும் கூடியிருக்கா, மாமா?" இல்லை. பார்வை மட்டுமே கூடியிருந்தது. அவன் வார்ப்புருவின் அமைப்பில் ஒருமுறை நிரலைச் சேர்த்திருந்தான். அது தெரியாமல் நான் தலைப்பகுதியில் கையால் மறுமுறை ஒட்டியிருந்தேன். ஒரே ஆளுக்கு இரண்டு பேர் விழுந்த கதை.

'பேர்' என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் உள்ள பொருளை வெளிநாட்டு வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். அங்கே பேர் என்றால் ஒரு நாள் வேலை. செக்ரோலில் ஏறும் ஒரு நாள் சம்பளம். குறித்த கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர். என் அம்மா கொழுந்து எடுத்தவர். பேருக்கான கிலோ உயர்த்தப்பட்ட நாட்களில், முதல்நாள் முழுப்பேர் வாங்கியவர் அடுத்தநாள் அதே மலையில் அதே அளவு எடுத்து அரைப்பேருடன் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். மாறியது அம்மாவின் உழைப்பன்று. தராசுக்குப் பின்னாலிருந்த விதி.

புதிய நிரலைப் பற்றிப் படித்தபோது அந்த நினைவுதான் வந்தது. பழைய நிரல், ஒரு பக்கம் திறந்த நேரத்தை அடுத்த பக்கம் திறந்த நேரத்திலிருந்து கழித்தே வாசிப்பு நேரத்தைக் கண்டது. அடுத்த பக்கமே திறக்கப்படாவிட்டால் கழிப்பதற்கு எதுவும் இல்லை. ஆகவே நீண்ட கட்டுரையொன்றைப் பதினைந்து நிமிடம் ஊன்றிப் படித்துவிட்டுத் தளத்தை மூடியவரின் நேரம் பூச்சியம். போதாததற்கு, வந்தவுடன் திரும்பியவர்களின் பட்டியலிலும் அவர் சேர்ந்தார். புதியது, வாசகரின் ஒவ்வொரு செயலையும் தனி நிகழ்வாகப் பதிகிறது. பக்கம் திரையில் பத்து வினாடிக்கு மேல் இருந்தாலே அது ஈடுபாடுள்ள வருகை. பக்கத்தின் தொண்ணூறு வீதத்தைக் கடந்து உருட்டினால் அதற்கும் ஒரு பதிவு.

இதை விளங்கிக்கொண்ட இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில் பல ஆண்டுகளுக்கு முன் ஊவாவின் தோட்டங்களில் முதியவர்களைச் சந்தித்து, அவர்களது நினைவுகளை நீண்ட கட்டுரைகளாக எழுதிவந்தேன். பத்தில் எட்டுப் பேர் வந்தவுடன் திரும்பிவிடுகிறார்கள் என்று எண்கள் காட்டின. நம்பினேன். "இவற்றை யாரும் படிப்பதில்லை" என்று முடிவுசெய்து, ஏழாவது கட்டுரையுடன் நிறுத்தினேன். அந்த வாசகர்கள் கடைசி வரி வரை படித்திருக்கலாம். என் கணக்கில் அரைப்பேர்கூட வாங்கவில்லை. எண்ணின் மீது பிழை இல்லை. அது எதை அளக்கிறது என்று விசாரிக்காமல் நம்பிய செய்தியாளன்மீதுதான் பிழை. நான் சந்திக்கவிருந்தவர்களில் சிலர் இன்று இல்லை.

புதிய கணக்கும் முழுக்கணக்கன்று. அது எண்ணுவது பெரும்பாலும் உலாவியில் வைக்கும் அடையாளத்தை. வீட்டில் கணினியிலும் வழியில் கைப்பேசியிலும் படிப்பவர் இருவராகலாம். ஒரு கைப்பேசியைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஐவர் ஒருவரே. கைப்பேசி இணைப்பில் வெலிமடையிலிருந்து படிப்பவர் பல வேளைகளில் கொழும்பின் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். அப்பா லயத்து இஸ்தோப்பில் அமர்ந்து பத்திரிகையை உரத்துப் படித்த காலத்திலும் விற்பனைக் கணக்கில் அது ஒரு பிரதிதான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பத்துப் பேருக்குக் குறையமாட்டார்கள்.

தளம் வைத்திருக்கும் நண்பர்களுக்கு மூன்று விடயங்கள். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடாதீர்கள். இரண்டும் வெவ்வேறு தராசுகள். நிரலை ஓரிடத்தில் மட்டும் ஒட்டுங்கள். விரிவான ஆய்வுக்கான தரவு, அமைப்பை மாற்றாவிட்டால், இரண்டு மாதம் மட்டுமே சேமிக்கப்படும். அதனைப் பதினான்கு மாதமாக்கிவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பிரதியெடுத்தும் வையுங்கள்.

எட்டாவது கட்டுரைக்காக அடுத்த வாரம் பண்டாரவளைப் பக்கம் போகிறேன். எண்பதைத் தாண்டிய ஓர் அம்மா வரச்சொல்லியிருக்கிறார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பேரன் கைப்பேசியில் படித்துக் காட்டுவானாம்.