வழக்குமன்றச் சொற்களும் வெண்ணெய்நல்லூர் ஆவணமும்

நீதிமன்றங்களில் நாடோறும் வழங்கும் சொற்களுட் பல, அங்குப் புகும் எளியார்க்குப் பொருள் விளங்காதனவாய், ஓசையளவில் அச்சம் விளைப்பனவாய் உள்ளன. சொற்பொருள் அறியாதான் தன் வழக்கின் நிலையையும் அறியான். அறியாதவழித் தீர்ப்பு நேரியதேயாயினும் அவன் நெஞ்சம் அதற்கு இசைவதில்லை. ஆதலின் அச்சொற்களின் பிறப்பை ஆராய்தல் சொல்லாராய்ச்சி மாத்திரையாய் ஒழியாது, அறத்தோடும் இயைபுடையதாம்.

'வழக்கு' என்பது வழங்குதல் என்னும் வினையோடு இயைந்த சொல். உலகத்தார் வழங்கிவரும் முறையும் வழக்கு. இருவர் மாறுபட்டு மன்றேறி நிற்பதும் வழக்கு. சான்று கூறுவோனைப் பண்டைத் தமிழர் 'கரி' என்றனர். 'சாட்சி' என்னும் வடசொல் கண்ணாற் கண்டவன் என்னும் கருத்தினது.

பிற்காலத்தே பாரசீக மொழியை அரசியல் மொழியாகக் கொண்ட ஆட்சிகளின் வழியாக அரபு, பாரசீகச் சொற்கள் பல தமிழகத்து வந்தன. கும்பினியார் அவற்றை விலக்காது மேற்கொண்டனர். சென்னை மாகாணத்தில் 1816-ஆம் ஆண்டுச் சட்டங்கள் 'முன்சீப்பு' என்னும் பெயரையே நடுவர்க்கு இட்டன. அரபியிற் பாதி எனப் பொருள்படும் வேரோடு தொடர்புடைய அச்சொல், நேர்மை செய்வோன் எனப் பொருள்படும். நடுவு நிற்பவன் 'நடுவன்' என்னும் தமிழ்க் கருத்தும் அதுவே அன்றோ? 'வக்கீல்' என்பான் பிறர் தம் காரியத்தை ஒப்படைத்தற்கு உரியவன். 'அமீன்' என்பான் நம்பத்தக்கவன். 'வாய்தா' என்பது கொடுத்த வாக்கு. இன்றோ, அமீனா என்ற அளவிலே கடன்பட்டான் நடுங்குகின்றான். வாக்கு எனப் பிறந்த வாய்தா, நாள் தள்ளுதற்குப் பெயராயிற்று. நம்பிக்கையிற் பிறந்த சொற்கள் பொருள் மறைந்தமையால் அச்சத்திற்கு இடமாயின.

இனி, சொற்பொருள் இருதிறத்தாரும் அவையோரும் ஒப்ப உணர்ந்த ஒரு வழக்கினைச் சேக்கிழார் சுவாமிகள் திருத்தொண்டர் புராணத்துக் காட்டுகின்றார். புத்தூரிலே நம்பியாரூரர் திருமணத்தைத் தடுத்த முதிய அந்தணர், அவர் தமக்கு வழிவழி அடிமை என்றார். அந்தணர் அந்தணர்க்கு அடிமையாதல் உலகில் இல்லை என மறுத்த ஆரூரர், அவர் காட்டிய ஓலையைப் பறித்துக் கிழித்தார். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவையை அடைந்தது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றாற் சாதிக்க என்றனர் அவையோர். ஆட்சி தொன்றுதொட்ட அனுபவம், ஆவணம் எழுத்து, காட்சி கண்டார் கூற்று.

கிழிபட்டது படியோலை, மூலவோலை தம்மிடம் உளது என்றார் முதியவர். இம் மூலம், படி என்னும் வேறுபாட்டை 1872-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டமும் கொண்டிருந்தது. அதற்கு ஈடாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டமும் கொண்டுள்ளது. அவையோர் மூலவோலையைக் காத்தளிப்பதாக உறுதி கூறிப் பெற்றுக் கரணத்தானைக் கொண்டு படிப்பித்தனர். சான்றெழுதினோர் கையெழுத்தைத் தேர்ந்தனர். பாட்டனார் எழுத்தை, காப்பிலிருந்த வேறோர் ஓலையோடு ஒப்பிட்டனர். இவையெல்லாம் ஆரூரர் கண்முன்னே, அவர் அறிந்த சொற்களால் நிகழ்ந்தன. அதனாலன்றோ, தோற்றீர் என்றபோது விதிமுறை இதுவாயின் மறுத்தல் இயலாது என அவர் அமைந்தனர்!

எல்லாம் வல்ல இறைவன் தன் ஆணையால் ஆளாது, மன்றேறி வழக்குரைத்தது என்னையோ எனின், உயிர் அறிந்து இசைதல் வேண்டும் என்னும் கருணையால் என்க. மூன்றனுள் ஆவணம் ஒன்றையே அவன் அவையிற் காட்டினான். முதியவர் திருவருட்டுறைக் கோயிலுட் புகுந்து மறைய, அம்மையோடு விடைமேல் தோன்றியருளியபோது காட்சியும் கிடைத்தது. ஆட்சியோ, உயிர் அனாதியே அவன் உடைமையாதலின், என்றும் உள்ளது. வழக்கிலே தோற்றவர் வாழ்விலே வென்றார்.

தமிழ்நாட்டிற் கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வழங்குதற்கு 1976-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இடஞ்செய்தது. உயர்நீதிமன்றத்திலோ, அரசியலமைப்பின் 348-ஆம் உறுப்பின்படி ஆங்கிலமே நிற்கின்றது. சொல் எம்மொழியதாயினும், தோற்பவனும் தான் தோற்ற காரணத்தை உணரும்படி எடுத்துரைத்தலே மன்றத்தார் கடனாம். ஆலால சுந்தரரை ஆட்கொண்ட பெருமானே அம்முறையினை மேற்கொண்டருளினான் என்பதைச் சைவ நன்மக்கள் சிந்தித்து உணர்வார்களாக.