திருகாணி வெளியே தெரிந்த காலம்

எங்கள் லயத்துக்கு மின்சாரம் தோளில் ஏறித்தான் வந்தது. சாக்கை மடித்துத் தோளில் போட்டு, அதன்மேல் பன்னிரண்டு வோல்ட் கார் பெட்டரியைத் தூக்கி வைத்து, நோர்வூட் டவுனில் சார்ஜ் ஏற்றிய கையோடு தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதையில் அண்ணன்மார் ஏறி வருவார்கள். அசிட் பட்டு ஓட்டை விழாத சட்டை அவர்களில் யாருக்கும் இருந்ததில்லை. இஸ்தோப்பில் பெட்டரியை இறக்கியதும் சிறுசுகள் நாங்கள் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். சிவப்பு வயர் எதில், கறுப்பு வயர் எதில் என்பது எழுத்துக் கூட்டி வாசிக்கும் முன்பே எங்களுக்குத் தெரியும்.

கொழும்புக்கு இறங்கி வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இங்கே எந்தச் சுவரைத் தொட்டாலும் பிளக் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ரேடியோக்களைப் பிரித்துச் சீர்செய்கிறேன். தெரிந்தவர்களின் பழைய கார்களுக்கு டியூனிங் பார்த்துக் கொடுக்கிறேன். பிழைப்புக்காக அல்ல, ஆசைக்காக. அந்த ஆசையை எனக்குள் போட்டது மலையும் அந்தப் பெட்டரியும்தான். மலைக்கு இப்போதும் போய் வருகிறேன். நான் தேடுவது அங்கே இல்லை.

அந்தப் பெட்டரி டீ.வி.க்காக வந்தது. ரூபவாஹினித் தொலைக்காட்சி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி தொடங்கியது. பிதுருதலாகலை உச்சியில், 2524 மீற்றர் உயரத்தில், ஒளிபரப்புக் கோபுரம். நாட்டிலேயே உயர்ந்த அந்த மலை எங்கள் பக்கத்து மலை. அலுமினியக் குழாயில் கட்டிய அன்ரெனாவைச் சரியான திசைக்குத் திருப்பினால் லயத்துக் காம்பராவுக்குள் படம் தெளிவாக விழும். பதினான்கு அங்குலக் கறுப்பு வெள்ளை டீ.வி.யின் முதுகில் பெட்டரிக்கென்றே ஒரு துளை இருக்கும். அப்படியான பெட்டிக்கு ஒன்றேகால் ஆம்பியர் அளவு போதும். நாற்பது ஆம்பியர்-மணி பெட்டரி கணக்குப்படி முப்பத்திரண்டு மணி நேரம் தாங்க வேண்டும். லொறியில் உழைத்துக் களைத்து எங்களிடம் வந்த பெட்டரி அதில் பாதிகூடத் தாங்காது. சார்ஜ் இறங்க இறங்கப் படத்தின் இரண்டு ஓரமும் உள்ளே ஒடுங்கும். "படம் சுருங்குது, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறை" என்று தாத்தா சொல்வார். தமிழ்ப் படம் போடும் இரவில் கடைசிக் கட்டத்துக்குப் பெட்டரியை மிச்சம் பிடிக்க, பாட்டு வரும்போது சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு வெளிச்சத்தை அணைத்துவிடுவோம். வோல்ட் இறங்கினால் படம் சிறுக்கும் என்பதை நான் படித்தது அங்கேதான்.

சார்ஜ் கடை ஒரு பள்ளிக்கூடம். பெட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றின் பிளஸ் அடுத்ததன் மைனஸில் என்று வரிசையாகக் கோத்து வைத்திருப்பார்கள். மூடிகளெல்லாம் திறந்திருக்கும். உள்ளே குமிழி விடும் சத்தம் கேட்டே எது நிறைந்தது என்று அந்தக் கடைக்காரர் சொல்லிவிடுவார். சந்தேகமானால் ஹைட்ரோமீற்றரை விட்டு உறிஞ்சுவார். மிதவை 1.28இல் நின்றால் நிறைவு, 1.15க்கு இறங்கினால் வறட்சி. ஆறு அறைகளையும் பார்த்துவிட்டு, "இதுல ஒரு செல் செத்துப்போச்சு தம்பி, மத்த அஞ்சும் அதையும் சேர்த்துச் சுமக்குது" என்பார். இன்று மடிக்கணினியின் பெட்டரி ஏன் திடீரென்று படுத்துவிடுகிறது என்று யாராவது கேட்டால் அவர் சொன்ன அதே வார்த்தையைத்தான் நான் சொல்கிறேன். லித்தியம் வந்த பிறகும் அந்த விதி மாறவில்லை.

இதில் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. அந்தப் பெட்டரிகளில் ஏறிய மின்சாரம் எங்கள் தண்ணீர். லக்சபான நீர்மின் நிலையம் 1950இலேயே ஓடத் தொடங்கியது. அதற்கு 1918இலேயே திட்டம் எழுதிக் காட்டியவர் பொறியியலாளர் விமலசுரேந்திர; காசல்ரி நீரில் ஓடும் நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். காசல்ரி, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் நிறைந்தால் கொழும்பு வெளிச்சமாகும். உயர்அழுத்தக் கம்பிகள் எங்கள் லயத்துக் கூரைக்கு மேலேயே போயின. மழை நாளில் அவை ரீங்கரிப்பது படுக்கையில் கேட்கும். கீழே குப்பி லாம்பு எரியும். அந்த இருட்டுக்கு நான் ஏங்கவில்லை. லயங்களுக்கு மின்சாரம் வந்தது நியாயம். வெகு தாமதமாக வந்த நியாயம். என் ஏக்கம் வேறொன்றுக்கு: எதையும் திறந்து பார்க்கலாம் என்று இருந்த அந்த நிலைக்கு.

ரேடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை கேட்காத லயம் இருந்ததில்லை. அறிவிப்பாளர்கள் மயில்வாகனத்தையும் ராஜேஸ்வரி சண்முகத்தையும் கே.எஸ்.ராஜாவையும் முகம் தெரியாமல் சொந்தக்காரர்களாக வைத்திருந்தோம். நெஷனல் ரேடியோ இருந்தால் மதிப்பு. உபாலி நிறுவனத்தார் நாட்டிலேயே செய்த யுனிக் ரேடியோ அதற்கு அடுத்தது. பள்ளத்தாக்கில் மத்திய அலை சரியாக எட்டாது. பெட்டியைத் திசை மாற்றி வைத்தால் குரல் தெளியும். உள்ளே படுத்திருக்கும் ஃபெரைட் கம்பிக்குத் திசை உண்டு என்பது அப்போது தெரியாது, ஆனால் எந்த மூலையில் எந்தப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். பெட்டரிக் கட்டை தளர்ந்தால் அடுப்போரம் வைத்துச் சூடேற்றுவோம். அது மூடநம்பிக்கை இல்லை: சூட்டில் உள்ளேயிருக்கும் இரசாயனம் கொஞ்சம் வேகம் பிடிக்கும், இன்னும் ஓர் இரவு பாட்டுக் கேட்கலாம்.

நான்கு திருகாணியைக் கழற்றினால் முதுகு கையோடு வரும். பல பெட்டிகளில் அந்த மூடியின் உட்பக்கத்தில் சுற்று வரைபடமே ஒட்டியிருக்கும்: எந்த டிரான்சிஸ்டர் எங்கே, எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று. நான் அதைக் கடிதம் வாசிப்பதுபோல வாசித்தேன். ஜப்பானில் எங்கோ இருந்த ஒருவர், நோர்வூட் பக்கத்து லயத்துப் பையன் இதைத் திறப்பான், அவனுக்கு உதவட்டும் என்று எழுதி வைத்தது மாதிரி இருக்கும். எட்டாம் வகுப்போடு கொழுந்து மலைக்குப் போன அண்ணன்மார், ஆங்கிலம் ஒரு வரி வாசிக்கத் தெரியாதவர்கள், அந்தக் கோடுகளைப் பார்த்து ரேடியோ சரிசெய்யப் பழகினார்கள். சோல்டரிங் அயனைக் கரி அடுப்பில் காய வைத்துப் பிடித்த காலம் அது. கூடுதலாகக் காய்ந்தால் ஜேர்மானியம் டிரான்சிஸ்டர் வெந்துபோகும். அதனால் அதன் காலைக் குறட்டால் பிடித்துக்கொண்டு பற்ற வைப்பார்கள், சூடு குறட்டுக்குள் இறங்கிவிடும். எந்தப் பாடப் புத்தகமும் அவர்கள் கைக்கு வந்ததில்லை.

கார் என்றால் மொரிஸ் மைனர். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் ஹயருக்கு நின்றவை அதுவும் ஒஸ்டின்களும்தான். இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார். மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தெரிகிறது என்று அதை நடுவால் அறுத்து, நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்துத் திருப்திப்பட்டாராம். பொனட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலம்தான். அந்த மனிதரின் தைரியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். றெக் அன்ட் பினியன் ஸ்டீயரிங், முன்னால் முறுக்குக் கம்பி சஸ்பென்ஷன்: றம்பொடை வளைவுகளில் அது திரும்பும் சுத்தம் அதற்குப் பிறகு வந்த பல ஜப்பான் கார்களில் இல்லை. இது என் தீர்மானமான கருத்து.

மலைக்கும் அந்தக் காருக்கும் ஒரு வழக்கு இருந்தது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பில் டியூன் பண்ணிய வண்டி மேலே வந்தால் பெற்றோல் கூடிப்போய் பிளக் கறுக்கும், இஞ்சின் மூச்சு முட்டும். மலை டிரைவர் பொனட்டைத் தூக்குவார். எஸ்.யூ. கார்புரேட்டரின் பிஸ்டனை ஒரு மயிரிழை உயர்த்துவார். இஞ்சின் வேகம் பிடித்து அப்படியே நின்றால் கலவை தடிப்பு. உடனே இறங்கினால் மெலிவு. சற்றே ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. கீழேயிருக்கும் அறுகோண நட்டை ஒரு ஃப்ளாட் மேலே ஏற்றுவார், திரும்பக் காது கொடுப்பார். விரலும் காதும் தவிர வேறு கருவி தேவையில்லை. வால்வு இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு என்பதைக் காரோடு வந்த கைநூலே சொல்லிவிடும். வாங்கியவன் தானே வால்வு வைப்பான் என்று நம்பி எழுதிய நூல் அது.

ஜனவரிப் பனியில் தேயிலை கருகும் காலை. செல்ஃப் இழுக்காது. முன்னால் கைப்பிடியைச் சொருகிச் சுற்ற வேண்டும். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். இஞ்சின் திருப்பி உதைத்தால் கை தப்பும். ஹயர் கார் மாமாக்கள் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் அது. இந்த மைனருக்கு மட்கார்டும் வேறு தகட்டுப் பாகங்களும் பின்னாளில் இலங்கையிலேயே தட்டி பிரித்தானியாவுக்கு அனுப்பினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் நாட்டுக் கைகள் அந்தக் காரை அதன் தாய்வீட்டிலேயே வாழ வைத்தன.

நுவரெலியாவின் ஏப்ரல் சீசனில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியின் இஞ்சின் சத்தம் தேயிலைக்கு மேலே மிதந்து வரும். சத்தத்தை வைத்தே வண்டியைச் சொல்லும் பையன்கள் எங்கள் கூட்டத்தில் இருந்தார்கள்.

ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். கொழுந்து காய வைக்கும் சிரோக்கோ, அசாமில் தோட்டம் பார்த்த டேவிட்சன் பெல்ஃபாஸ்ட் நகரில் 1881இல் தொடங்கிய பட்டறையின் பெயர். முன்பெல்லாம் ஓர் இஞ்சின் கூரையடியில் ஒரு நீண்ட தண்டைச் சுற்றும். அதிலிருந்து இறங்கும் தோல் பட்டைகள் ஒவ்வொரு ரோலரையும் ஓட்டும். பல தோட்டங்களில் ஆற்றுத் தண்ணீரே இஞ்சின். இங்கிலாந்தின் கென்டல் நகரத்து கில்க்ஸ் டர்பைன்கள் வந்து இறங்கியிருந்தன. பிறகு அரசாங்கக் கம்பி வந்ததும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன நீர்மின் அமைப்புகள் துருப்பிடித்துக் கிடந்தன. எங்கள் ஃபிட்டர் மாமா நீளத் திருப்புளியின் முனையை பெயாரிங்மேல் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் வைத்துக் கேட்பார். "இது இன்னும் ஒரு மாசம் தாங்கும்" என்றால் தாங்கும். அவருக்குத் தோட்டத்தில் இருந்த மரியாதை சின்ன துரைக்கு இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஹந்தானையில் பழைய ஸ்டோரை அருங்காட்சியகமாக்கி அந்த இயந்திரங்களை வைத்திருக்கிறார்கள். பளபளவென்று இருக்கின்றன. அவை நின்றிருப்பதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

புதியதெல்லாம் கெட்டது என்று சொல்லும் ஆள் நானில்லை. எரிபொருள் இன்ஜெக்ஷன் மேலான பொறியியல். காற்றழுத்தத்தைத் தானே அளந்து நுவரெலியாவுக்கும் கொழும்புக்கும் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. ஹைபிரிட் கார் மலைக்கென்றே பிறந்தது. றம்பொடையிலிருந்து இறங்கும்போது பிரேக் சூடாகி வீணாகும் சக்தியை அது பெட்டரியில் சேர்த்து வைக்கிறது. பாதி இறக்கத்தில் பெட்டரி நிறைந்துவிட்டால் மிச்சத்தை இஞ்சின் பிரேக்கில் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். எல்.ஈ.டி. விளக்கு குறைந்த மின்சாரத்தில் எரிகிறது. எங்கள் பெட்டரிக் காலத்தில் அது இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் கண் கெடாமல் படித்திருப்பார்கள்.

ஆனால் மூடியை ஏன் பசை போட்டு ஒட்டினார்கள்? கைபேசியின் பெட்டரியை மாற்ற ஏன் சூட்டுத் தட்டு வேண்டும்? காரில் காற்றைத் திருப்பக்கூட ஏன் திரையைப் பார்த்து விரலால் தடவ வேண்டும்? வளைவில் கண் சாலையில் இருக்க வேண்டிய மலைப் பாதையில் அது ஆபத்து. பழைய திருகு எவ்வளவோ நல்லது. ஒரு சென்சரை மாற்றிய பிறகு கம்பனியின் கணினி அனுமதித்தால்தான் வண்டி ஓடும் என்பது பொறியியலே இல்லை, அது பூட்டு.

கை போய்விடவில்லை என்பதையும் நான் கண்டேன். ஹட்டன் கடைகளில் தோட்டத்துப் பையன்கள் நுணுக்குக்காட்டியில் கண் வைத்துக் கைபேசிப் பலகையில் கடுகளவு பாகத்தைப் பெயர்த்து மாற்றுகிறார்கள். கரி அடுப்பு அயன் பிடித்த அதே கை. அவர்களுக்கு வரைபடம் தருவார் இல்லை. எங்கிருந்தோ கசிந்து வந்த படத்தை வைத்துத் தடவித் தடவிக் கண்டுபிடிக்கிறார்கள். எங்களுக்கு மூடியிலேயே ஒட்டித் தந்த ஒன்றை அவர்கள் திருடர்கள்போலத் தேட வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவில் 2027 பெப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பெட்டரியைப் பாவிப்பவரே கழற்றி மாற்றக்கூடியதாகச் செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். 2024இல் பழுதுபார்க்கும் உரிமைக்கும் சட்டம் வந்தது. இங்கேயும் அப்படியொரு சட்டம் வேண்டும். உதிரிப் பாகமும் வரைபடமும் கேட்பவருக்குக் கிடைக்க வேண்டும்.

மலையகத்தில் ஓய்வாக இருக்கும் ஃபிட்டர்மாரிடமும் ஹயர் கார் டிரைவர்மாரிடமும் சார்ஜ் கடை நடத்தியவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. காதால் கேட்டு நீங்கள் அறிந்தவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், அவர்கள் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். பரணில் கிடக்கும் ரேடியோவைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாமல், மூடியைக் கழற்றி அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.